நாலு அம்மனும் ஒரே வாக்கு

உறுமி மேளத்துல அடிக்கிற சத்தம் வேற, தேய்க்கிற சத்தம் வேற. வளைஞ்ச குச்சிய தோலு மேல வச்சு அழுத்தி இழுப்பாங்க பாருங்க, அப்ப வர்ற சத்தம் காதுக்குப் போகாது, நேரா வயித்துக்குப் போயி, காலையிலேருந்து பசியாறாதவ வயிறு மாதிரி உள்ளேருந்து கொரகொரன்னு உறுமும். அந்த நேரம் பாத்து சாம்பிராணி பொகையும் வேப்பில வாசமும் மழையில நனைஞ்ச சேல வாசமும் ஒண்ணா மூக்குல ஏறுனா, சாமி வராதவளுக்குக்கூட லேசா தல சுத்தும். எனக்கு அதுகூட சுத்தல. அதுலதான் எல்லா வம்பும் ஆரம்பிச்சுது.

மலாய் நாட்டுல, கிள்ளான்ல, தண்டவாளத்து ஓரமா, ரயில்வே வேல செய்யுறவங்களுக்குக் கட்டிக் குடுத்த "குவாட்டர்ஸ்"லதான் நான் பொறந்தேன். கடைசி வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவுல, தகரம் போட்ட சின்ன மாரியம்மன் கோயில் ஒண்ணு இருந்துச்சு. மத்த எடத்துல ஆடி மாசம் திருவிழா செய்வாங்க, எங்களுக்கு மட்டும் வருஷக் கடைசி பள்ளிக்கூட லீவுலதான், ஏன்னா அப்பதான் ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒண்ணா லீவு கெடைக்கும், அப்பதான் மழையும் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். எங்க பூசாரி, பகல்ல தண்டவாளத்துக்கு க்ரீஸ் போடுற மனுஷன், "அம்மனுக்குக் குளிக்கப் புடிக்கும், விடுங்க"ன்னு சொல்லிட்டு சேத்துல வழுக்கிக்கிட்டே தீபம் காட்டுவாரு.

சாமி வர்றதுக்கு எங்க குவாட்டர்ஸ்ல ஒரு வரிசை உண்டு. தண்டவாள வேலைக்கு ஆளுங்கள மேய்க்கிற பெரியவர "மண்டோர்"னு சொல்லுவோம், அவரு இருமுனா லைனு, அதான் எங்க வீட்டு வரிச, மொத்தமும் எழுந்து நிக்கும். மொதல்ல அவரு வீட்டம்மாவுக்குத்தான் சாமி வரும். அந்தம்மாவுக்கு வராம வேற யாருக்கும் வந்ததா நான் பாத்ததே இல்ல, அம்மனுக்கும் கிரேடு தெரியும் போல. அதுக்கப்புறம் பெரிய பொம்பளைங்க, அதுக்கப்புறம் பொட்டப்புள்ளைங்க. பால்கொடம் தூக்குறதுக்காக மஞ்சத் துணி கட்டி எங்கள வரிசையா நிறுத்தி வச்சிருப்பாங்க, உறுமி ஏற ஏற ஒவ்வொருத்தியா தோள குலுக்கி "ஏய்ய்ய்"னு கத்திக்கிட்டு ஆட ஆரம்பிப்பாளுங்க. மண்டோர் மக தங்கம், பின்னாடி லைனு பாக்கியம், எங்க பக்கத்து வீட்டு சரசு. எல்லாருக்கும் வரும். நான் மட்டும் நடுவுல வெளக்குக் கம்பம் மாதிரி நிப்பேன், ஆடுறவளுங்க மேல மோதாம ஒதுங்கி நிக்கிறதே எனக்குப் பெரிய வேல.

இத சிரிச்சுக்கிட்டு சொல்றேன், ஆனா அன்னிக்கு எங்கம்மா மூஞ்சியப் பாத்திருந்தா நீங்க சிரிக்க மாட்டீங்க. பைப்புல தண்ணி புடிக்கப் போனா பொம்பளைங்க கேப்பாங்க.

"ஏன்டி, ஒம் மகளுக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது? வீட்டுல ஏதும் சுத்தக் கொறச்சலா?"

"இல்லக்கா, ஒரு மாசமா மீனு கூட வாங்கல."

"அப்புறம் என்னத்துக்கு வரல?"

என்னமோ நான்தான் அம்மன வாசல்ல நிக்க வச்சு கதவச் சாத்திட்டேன்ங்கிற மாதிரி. அம்மா கொடத்தத் தூக்கிக்கிட்டு வருவாங்க. வந்து என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா சோறு போடுற கரண்டி சத்தம் மட்டும் பெருசா இருக்கும்.

அஞ்சாவது படிக்கிறப்ப நான் முடிவு பண்ணிட்டேன். சரசுவுக்கு எப்படி வருதுன்னு நல்லாப் பாத்து வச்சுக்கிட்டேன். மொதல்ல எடது தோளு, அப்புறம் கழுத்து, அப்புறம் தல முடி. முடி அவுந்து உழுந்துட்டா பாதி சாமி வந்த மாதிரி, மிச்சத்த பாக்குறவங்களே பாத்துக்குவாங்க. குளிக்கிற ரூம்புல கதவச் சாத்திக்கிட்டு, தண்ணி வாளியத்தான் ஜனமா வச்சு, நாலஞ்சு தடவ ஆடிப் பாத்தேன். திருவிழா அன்னிக்கு உறுமி ஏறுச்சு, நானும் ஏறுனேன். எங்கம்மா "வந்துட்டா! எம் மகளுக்கும் வந்துட்டா!"ன்னு அழுதுக்கிட்டே ஓடி வந்து என் கால்ல தண்ணி ஊத்துனாங்க. பெத்தவ எங் கால்ல உழுந்து கும்புட்டப்ப உள்ளுக்குள்ள நான் சுருங்கிப் போனேன், ஆனா ஆட்டத்த நிறுத்தத் தெரியல. ஏறுறதுக்குப் பழகுனவ எறங்குறதுக்குப் பழகல.

பூசாரி வாயில எலுமிச்சம்பழத்தத் திணிச்சாரு. புளிப்பு தாங்காம ஒரு கண்ணு தானா தொறந்துக்கிச்சு. தொறந்தா, எதுக்க சரசு. அவளுக்கும் ஒரு கண்ணு தொறந்திருந்துச்சு. ரெண்டு அம்மனும் ஒருத்தர ஒருத்தர் நல்லாப் பாத்துக்கிட்டோம். பாத்துட்டு பட்டுன்னு மூடிக்கிட்டோம்.

நானும் சரசுவும் பேசாத பேச்சு கெடையாது. யாரு தலையில எத்தன பேனு இருக்குங்கிறது வரைக்கும் பேசுவோம். ஆனா அத மட்டும் அவளும் கேக்கல, நானும் கேக்கல. அதுக்கப்புறம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. தங்கத்துக்கு வர்றதும் இப்படித்தானா? மண்டோர் வீட்டம்மாவுக்கு? ஆனா இத யாருகிட்ட போயி கேக்குறது? எல்லாரும் நெசமா ஆடி நான் மட்டும் பொய்யா ஆடுறேன்னா, மாட்டிக்கிறது நான் மட்டும்தான?

அடுத்த வருஷம் ஆறாவது. அதோட தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிஞ்சிடும். மேல படிக்கணும்னா பஸ் ஏறி டவுனு பள்ளிக்கூடத்துக்குப் போவணும், மொத ஒரு வருஷம் "ரிமூவ்" கிளாஸ்ல மலாய் படிச்சு தேத்திட்டு அப்புறம்தான் மேல. எங்க லைன்ல பையனுங்க போவாங்க, பொண்ணுங்கள்ல அதுவரைக்கும் யாரும் போனதில்ல. எங்கப்பா என்னை அனுப்புறதா இருந்தாரு. அவரு அதிகம் பேசாத மனுஷன், ரயிலு வர்றப்ப சேப்புக் கொடி பச்சக் கொடி காட்டுற வேல, வீட்டுலயும் கொடி காட்டுற மாதிரிதான் பேச்சு, சரின்னா சரி, நில்லுன்னா நில்லு. ஒரு நாளு பாசார்லேருந்து வர்றப்ப ஒரு பொட்டலத்த எங்கிட்ட நீட்டுனாரு. பிரிச்சா நீலக் கலருல "பினபோர்". டவுனு பள்ளிக்கூடத்து உடுப்பு. எனக்கு தொளதொளன்னு இருந்துச்சு.

"வளந்துக்கோ"ன்னாரு. அவ்ளோதான் பேச்சு.

சரசு என்ன விட மோசம். அவ காலுச் சப்பாத்துக்கு இப்பவே வெள்ள அடிச்சு ஜன்னல்ல காய வச்சுட்டா. பஸ்ல யாரு ஜன்னல் பக்கம் உக்காருறதுன்னு ரெண்டு பேருக்கும் சண்ட வேற.

அந்த நேரம் பாத்துதான் காப்பார் ஊருப் பக்கத்து லைன்ல ஒரு பொண்ணு பஸ் கண்டக்டர் கூட ஓடிப் போச்சு. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போற பொண்ணு கூட இல்ல, துணிக் கடையில வேல செஞ்ச பொண்ணு. ஆனா பைப்படியில அது பள்ளிக்கூடம் போற பொண்ணா மாறிடுச்சு. திங்கக்கெழம "பாவம்"னு பேசுனவங்க, செவ்வாக்கெழம "அப்பவே தெரியும்"னாங்க, அந்த வாரம் முடியறதுக்குள்ள "பொட்டப்புள்ளைங்கள சடக்கு தாண்டி அனுப்புனா இதான் கதி"ன்னாங்க. அப்ப ரோட்ட நாங்க "சடக்கு"ன்னுதான் சொல்லுவோம். தனித்தனியா பாத்தா அதுல பாதிப் பேருக்கு எங்க மேல ஆசைதான், "நல்லாப் படி ஆயி"ன்னு சொன்ன வாயிங்கதான், ஆனா பைப்படியில ஒண்ணா நின்னா ஒரே வாயா ஆயிடுவாங்க. எங்கம்மாவும்தான். கடைசியில மண்டோர் சொன்னாரு, "எதுக்கு ஆளுக்கொண்ணு பேசிக்கிட்டு? திருவிழா வருதுல்ல, ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்."

எங்கப்பா மட்டும், "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுக்கு ஆத்தா எதுக்கு?"ன்னாரு.

"ஏம்பா, ஒனக்கு ஆத்தா மேல நம்பிக்க இல்லியா?"ன்னாரு மண்டோர்.

எல்லாரும் எங்கப்பாவத் திரும்பிப் பாத்தாங்க. அவரு சட்டப் பொத்தானப் பாத்தாரு.

திருவிழா அன்னிக்கு மழை. தகரத்து மேல மழை அடிக்கிற சத்தமா உறுமி சத்தமான்னு தெரியல. மண்டோர் வீட்டம்மா ஆடி முடிச்சாங்க, பெறகு எங்க நாலு பேருக்கும் வந்துச்சு, பூசாரி எங்கள பாயில வரிசையா முட்டி போட வச்சாரு. மொதல்ல தங்கம், அப்புறம் பாக்கியம், அப்புறம் சரசு, கடைசியில நான். பெரியவங்ககிட்ட கேக்காம எங்ககிட்ட எதுக்குக் கேட்டாங்கன்னா, "கன்னிப்புள்ள வாயில பொய் வராது"ன்னு ஒரு பேச்சு எங்க கோயில்ல உண்டு. நெனச்சா இப்பவும் எனக்கு விக்கல் வருது.

பூசாரி கற்பூரத்தட்ட தங்கத்து முன்னாடி காட்டி, "தாயே, நம்ம புள்ளைங்கள டவுனு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா, வேணாமா, ஒரு வாக்கு சொல்லு"ன்னாரு.

தங்கம் ஆடிக்கிட்டே இருந்தா, வாயத் தொறக்கல. ஜனம் "சொல்லு தாயே, சொல்லு தாயே"ன்னுச்சு. மண்டோர் ஒரு தடவ செருமுனாரு.

"வேணாம்"னா தங்கம்.

பொம்பளைங்க கொலவ போட்டாங்க. பூசாரி பாக்கியத்துகிட்ட நவுந்தாரு. அவரு கேக்கறதுக்கு முன்னாடியே அவ "வேணாம்"னா. மறுபடியும் கொலவ. அப்புறம் சரசு. எனக்கு மனசு லேசா ஆச்சு, சப்பாத்துக்கு வெள்ள அடிச்சு வச்சவளாச்சே, இவ சொல்லிருவா, இவ சொன்னா நானும் கூட சேந்து சொல்லிருவேன், ரெண்டுக்கு ரெண்டு ஆயிடும், அம்மனுங்க அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கட்டும். சரசு தல முடிய இப்படியும் அப்படியும் வீசுனா. வீசிக்கிட்டே இருந்தா. அப்புறம் ரொம்ப மெதுவா, "வேணாம்"னா.

இப்ப நான். கற்பூரம் மூஞ்சிக்கு நேரா எரியுது. அவுந்து தொங்குற முடி வழியா பாக்குறேன், எங்கம்மா கை கூப்பி நிக்கிறாங்க, கண்ணுல தண்ணி, போன வருஷத்துலேருந்துதான் அவங்க பைப்படியில தல நிமிந்து நிக்கிறாங்க. அவங்களுக்குப் பின்னாடி எங்கப்பா, மழையில பாதி நனைஞ்சு. ஜனம் மொத்தமும் அம்மன் செலையப் பாத்து நிக்குது, அவரு மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அம்மனப் பாக்குற பார்வ இல்ல அது. மகளப் பாக்குற பார்வ.

"அனுப்பு"ன்னு ஒரே ஒரு வார்த்த. சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இத்தன வருஷமா யோசிக்கிறேன். மூணு அம்மன் வேணாம்ங்குறப்ப நாலாவது மட்டும் அனுப்புன்னா, இவளுக்கு வந்தது சாமி இல்ல, வேற என்னமோன்னு சொல்லி வேப்பிலையாலயே வெளுத்திருப்பாங்க. பொய்யா ஆடுனதும் தெரிஞ்சிருக்கும். அந்தப் பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நெசத்தச் சொல்றேன், அது மட்டும் இல்ல. அத்தன பேரும் ஒரே பக்கமா சாஞ்சு நிக்கிறப்ப அந்தப் பக்கம் சாயறதுல ஒரு சொகம் இருக்கு. நான் "வேணாம்"னேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். நான்தான் வாயாடியாச்சே. கொலவ சத்தம் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கல, கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் குடுக்கலாமேன்னு தோணுச்சு, "சடக்கு தாண்டுனா ரத்தம் பாப்பேன்!"னு சொந்தச் சரக்க ஒண்ணு எடுத்து வுட்டேன். மத்த மூணு பேரும் பயந்து சொன்னாளுங்க, நான் அதுக்கு மேல பூ வச்சுக் குடுத்தேன். சும்மா வேணாம்னு மட்டும் சொல்லியிருந்தா ஒரு வருஷம் கழிச்சு யாராச்சும் மறந்திருப்பாங்க. ரத்தம்னு சொன்னப்புறம் எந்த அப்பன் ஆத்தா அனுப்புவாங்க? எங்களுக்குப் பின்னாடி வந்த பொண்ணுங்க, அஞ்சாறு வருஷத்துப் பொண்ணுங்க, ஒருத்தி கூட போவல.

எங்கப்பா மத்தவங்களோட சேந்து வரிசையில நின்னு, எங் கையால துண்ணூறு வாங்கிக்கிட்டாரு. அடுத்த நாளு பைப்படியில காலு கழுவிக்கிட்டிருந்தப்ப நான் துண்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வாங்கித் தொடச்சுக்கிட்டாரு.

"நாலு அம்மனும் ஒரே மாதிரி பேசுச்சுல்ல"ன்னாரு.

நான் குனிஞ்சு அவரு செருப்ப எடுத்து வச்சேன்.

"ஒங்கிட்ட வர்றது மட்டும் வேற அம்மனா இருக்கும்னு நான் நெனச்சிட்டேன், தாயி"ன்னாரு. கோவமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். துண்ட மடிச்சு எங் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அதப் பத்தி அவரு பேசல.

அந்த பினபோர எங்கம்மா வெட்டி எனக்குத் தலகாணி உற தச்சுக் குடுத்தாங்க. நல்ல துணி, கல்யாணம் ஆவுற வரைக்கும் கிழியல. படிப்பு மேல தல வச்சுப் படுத்து தூங்குனவ இந்த நாட்டுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். மண்டைக்குள்ள ஏதாச்சும் ஏறும்னு பாத்தேன், ஏறல. கல்யாணம் ஆயி பட்டணத்துல பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தேன், வாழ எலச் சாப்பாட்டுக் கடையில வெங்காயம் உரிச்சேன், பஸ் போர்டுல இருந்த மலாய் எழுத்த உருவத்த வச்சுக் கண்டுபுடிச்சேன். மனுஷங்கள சிரிக்க வைக்கிறதுக்கு மட்டும் சர்டிபிகேட் வேண்டாம், அத வச்சு பொழச்சேன்.

இப்ப போனுல ஒரு குரூப்பு. பழைய குவாட்டர்ஸ்காரங்க எல்லாம் அதுல இருக்காங்க. போன மாசம் ஒரு காலையில பாத்தா வரிசையா எல்லாரும் கை கூப்புற படம் போட்டிருந்தாங்க. அதுல எல்லாம் இங்கிலீசு எழுத்துலதான் போடுவாங்க, எனக்கு அது படிக்க வராது, எல்லாரும் கும்புடுறாங்களேன்னு நானும் ஒண்ண அழுத்திட்டேன். பெறகு பேத்திதான் படிச்சு சொன்னா: "பாட்டி, தங்கம்னு ஒருத்தவங்க இறந்துட்டாங்களாம்." யாரு செத்தான்னு தெரியாமயே கும்புட்டிருக்கேன், பாருங்க.

கருமாதிக்கு நானும் சரசுவும் பேத்தி கார்ல காப்பார் போனோம். போற வழியில கிள்ளான்ல வண்டிய மெதுவா ஓட்டச் சொன்னேன். குவாட்டர்ஸ் இருந்த எடத்துல வானத்துக்கு ஒசந்து ஒரு கட்டடம், கீழ கார் நிறுத்துற எடம், வாசல்ல காவலுக்கு ஒரு ஆளு. பைப்பு இல்ல, பைப்படி இல்ல, அந்த வாயிங்கள்ல ஒண்ணு ரெண்டத் தவிர எதுவும் இல்ல. கோயில மட்டும் தள்ளி எடுத்துக்கிட்டுப் போயி டைல்ஸ் போட்டுக் கட்டியிருக்காங்க, உள்ள யாரும் வாக்கு கேக்குறது இல்லியாம். கேக்குறதுக்குத்தான் போனு இருக்கே.

கார்ல பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, இத்தன வயசுக்கு அப்புறம், நான் சரசுகிட்ட கேட்டேன். "ஏன்டி, அன்னிக்கு நீ ஏன் வேணாம்னு சொன்ன? ஒனக்குத்தான் அவ்ளோ ஆசையாச்சே."

சரசு ஜன்னலப் பாத்துக்கிட்டே சொன்னா. "எனக்கு அப்புறம் நீ இருந்தல்ல. நீ வாயாடி, நீ மாத்தி சொல்லிருவ, அப்ப நானும் சேந்துக்கலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா ரத்தம் வரைக்கும் போயிட்ட."

நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. பேத்தி கண்ணாடியில எங்களப் பாத்துட்டு, "கருமாதிக்குப் போறீங்களா கல்யாணத்துக்குப் போறீங்களா?"ன்னா. நான் அவள நம்பி இருந்தேன், அவ என்ன நம்பி இருந்தா. ரெண்டு பேரும் சேந்து தங்கத்தத்தான் இத்தன வருஷமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தோம், அவதான மொதல்ல வாயத் தொறந்தா, மண்டோர் மக, அவளுக்கு என்ன கொறன்னு.

தங்கத்து வீட்டுல அவ பெரிய மக எங்களுக்கு டீ கொண்டாந்து குடுத்தா. பள்ளிக்கூட டீச்சராம். ரெண்டாவது பொண்ணு ஆஸ்பத்திரியில, மூணாவது எங்கயோ வெளியூருல பெரிய படிப்பு. நான், "ஒங்கம்மா நல்லா படிக்க வச்சிருக்கா ஆயி"ன்னேன்.

"படிக்க வச்சாங்களா? அடிச்சு வச்சாங்க ஆன்டி"ன்னு அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே சிரிச்சா. "காய்ச்சல்னா கூட லீவு போட வுட மாட்டாங்க. கொஞ்சம் மொணங்குனா போதும், 'எனக்குக் குடுக்கலடி, ஒனக்குக் கெடச்சுருக்கு, போடி'ன்னு தொரத்துவாங்க. யாரும்மா ஒங்களுக்குக் குடுக்கலன்னு எத்தனையோ தடவ கேட்டிருக்கோம். கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. ஒங்களுக்குத் தெரியுமா ஆன்டி? நீங்கெல்லாம் ஒரே லைனுதான?"

சரசு டீய ஊதுனா. அவளப் பாத்து நானும் ஊதுனேன். அது ஆறி ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு.